கேட் கொடுக்காத எண்

முதல் கேள்வியிலேயே நல்லசிவத்தின் பேனா நின்றுவிட்டது. கேள்வி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தூக்க மாத்திரை உங்கள் கைமீறிப் போய்விட்டதாக எப்போதாவது நினைத்ததுண்டா என்று கேட்டிருந்தார்கள். பக்கத்தில் நாலு கட்டம்: இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். ஒன்றில் டிக் போட்டால் தீர்ந்தது. மொத்தமே ஐந்து கேள்வி, ஒரே பக்கம். இருபத்தேழு வருஷமாக ஸ்டேஷன் மாஸ்டர் வேலை பார்க்கிறவர், இதைவிட நாலு மடங்கு நீளமான படிவங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியவர். கண்ணை மூடிக்கொண்டு என்று மனசு சொன்னதும் அந்த வார்த்தையை அவசரமாகத் தள்ளிவிட்டார். பேனாவை மூடி, திரும்பத் திறந்தார். ஆறு வருஷமாக மாத்திரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர் மகனோடு இருக்கிறேன் என்று பெங்களூருக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சின்ன டாக்டர் பழைய சீட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத நிரப்பி பர்வீன் மேடத்தப் பாத்துட்டு வாங்க, அப்புறம் எழுதலாமா வேண்டாமான்னு பாப்போம்" என்றார். அந்த வேண்டாமாவை நல்லசிவம் ஒரு மணி நேரமாக மென்றுகொண்டிருக்கிறார். கையிருப்பு இருபது. காலையில் எண்ணியாகிவிட்டது. ஒரு நாளைக்கு நாலு என்றால் ஐந்து நாள். ஆறாம் நாள் என்று ஒன்று உண்டு என்பதை அவரால் யோசிக்க முடியவில்லை, யோசனை அங்கே போகவே மாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர அது மாடி வைத்துக் கட்டிய ஒரு பெரிய வீடு. கீழே கூடத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள், நாலு நாற்காலியை ஒரே கம்பியில் பிணைத்த ரகம். ஓரத்தில் ஒருவர் காலை ஆட்டினால் நாலு பேரும் ஆட வேண்டியதுதான். இப்போது யாரோ ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதிர்வு நாற்காலி வழியாக ஏறி முதுகுத்தண்டில் வந்து நின்றது. இது நாற்காலி ஆடுவதா அல்லது தூரத்தில் கூட்ஸ் வருகிறதா என்று ஒரு கணம் தோன்றியது. ஊருக்கு நடுவே, தண்டவாளத்துக்கு ரெண்டு மைல் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஸ்டேஷன் ரூமில் மேஜைமேல் கை வைத்தாலே தெரிந்துவிடும். மணி அடிப்பதற்கு முன்னாடியே மேஜை சொல்லிவிடும். அந்த மேஜைக்கு எல்லாம் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தது யார் என்றுகூட அதற்குத் தெரியும், கேட்டால் சொல்லாது. நல்லசிவம் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். வரிசையில் அவரைத் தவிர யாருமே இல்லை. ஆடிக்கொண்டிருந்தது அவருடைய கால்தான். கையால் தொடையை அமுக்கிப் பிடித்தார். சொன்னபடி கேட்கும் பிள்ளையைப்போல் கால் நின்றது, கையை எடுத்ததும் மறுபடி தொடங்கியது.

இல்லவே இல்லை என்று போட்டுவிடலாம். நல்லசிவத்துக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் பெயர். பொய் சொல்ல வராதவன் சொல்கிற பொய்தான் பைசா குறையாமல் விலை போகும், அது அவருக்கும் தெரியும். முதலில் ராத்திரிக்கு ஒன்று என்றுதான் ஆரம்பித்தது. ஸ்டேஷனுக்குத் தெற்கே தண்டவாளத்தில் ஒரு பெண்பிள்ளை தலை வைத்துப் படுத்துவிட்டாள். ஆள் வரும்வரை லாந்தரோடு பக்கத்தில் நின்று காவல் காத்தது அவர். அந்தப் பிள்ளையின் செருப்பு இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்த்து ஜல்லிமேல் கழற்றி வைக்கப்பட்டிருந்தன, கோயிலுக்குள் போகிறவள் வைத்த மாதிரி. அன்றைக்குப் போன தூக்கம். பெரிய டாக்டர், "ரெண்டு வாரம் போடும், சரியாப் போவும்" என்றார். அந்த இரண்டு வாரம் ஆறு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. ஒன்று இரண்டானது, ராத்திரிக்கு இருந்தது பகலுக்கும் வந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். இப்போது காலை ஏழுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்துக்கு ஒன்று, படுக்கும்போது ஒன்று. பழைய பெருங்காய டப்பா ஒன்றில் போட்டு அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாத்திரையிலும் லேசாகப் பெருங்காய வாசனை இருக்கும். ரசத்துக்குப் பிரமு தாளிக்கும்போதெல்லாம் நாக்கில் எச்சில் ஊறுகிறது, ரசத்துக்கு அல்ல.

பிரமு அவர் மனைவி. இருபத்து நாலு வருஷம் கூட இருக்கிறவள், அவளுக்குத் தெரியாமல் டப்பா ஏது. ஆனால் ஒரு நாள் அவள் சொன்னது இவரைத் தூக்கிவாரிப் போட்டது. முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே, சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சொன்னாள்: "காலம்பற எந்திச்சா உம்முன்னு இருக்கிய. சாயந்தரம் ஆனா நல்லாப் பேசுதிய. நேத்து எங்கப்பாவப் பத்திக் கேட்டியள்லா, இத்தனை வருசத்துல ஒரு நாளும் கேட்டதில்ல. எனக்கு அழுகையே வந்துட்டு." நல்லசிவம் தலையை ஆட்டிவைத்தார். நேற்றுச் சாயங்காலம் என்று ஒன்று அவரிடம் இல்லை. ஐந்து மணிக்குத் தண்ணீர் குடித்தது இருந்தது, மறுநாள் விடிந்தது இருந்தது, நடுவில் துடைத்து வைத்த சிலேட்டு. அந்த இடத்தில் ஒருத்தன் வந்து, இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, இவர் பாயில் உட்கார்ந்து, மாமனாரைப் பற்றி விசாரித்திருக்கிறான். இவரைவிட நல்லவன் வேறு. அவள் என்ன பதில் சொன்னாள், அவன் என்ன சொல்லித் தேற்றினான், எதுவும் இவருக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. சொந்த வீட்டில் யாரோ தங்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் பிரமு அவரை ஏறிட்டுப் பார்க்கும்போது, அவள் தேடுவது தன்னை இல்லை என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. பொறாமைதான், வேறென்ன. தன்மேலேயே பொறாமைப்பட்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் வீட்டுக்கு வந்துபோகிறவன் வீட்டோடு நின்றிருந்தால் போகிறது. செவ்வாய்க்கிழமை அவன் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான். பதினோரு நாளாக நல்லசிவம் சுற்றிச் சுற்றி வருகிற இடம் அதுதான், செக்குமாடு மாதிரி. பகல் டூட்டி, காலை எட்டு முதல் நாலு. மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டார், ஞாபகம் இருக்கிறது. டிபன் மூடியைக் குழாயடியில் கழுவினார், அதுவும் இருக்கிறது. மூடியின் விளிம்பில் ஒரு கடுகு ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடித்தது. நகத்தால் சுரண்டினார். கடுகு வந்ததா என்பது தெரியாது. அடுத்து இருப்பது, பிளாட்பாரத்தில் பச்சைக் கொடியோடு நிற்கிறார், கூட்ஸின் கடைசிப் பெட்டி கடந்துபோகிறது, கார்டு கொடி காட்டுகிறார், இவரும் காட்டுகிறார், வெயில் கண்ணைக் குத்துகிறது. மணி இரண்டு நாற்பத்தெட்டு. உள்ளே வந்து ரெஜிஸ்டரைப் பார்த்தால் எல்லாம் எழுதியிருக்கிறது. பக்கத்து ஸ்டேஷனோடு பேசியது, ரயிலுக்கு வழிவிடச் சிக்னல் இறக்கியது, கேட் அடைத்தது, கேட்டிலிருந்து வந்த எண் அறுபத்து நாலு. எல்லாம் அவர் கையெழுத்து. வேறு கையெழுத்தாக இருக்காதா என்று கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார். நாலின் கால் கொஞ்சம் வளைந்திருக்கும் அவருக்கு, இதிலும் வளைந்திருந்தது. வேறு யாருடையதாவது இருந்திருந்தால் அவருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்த எண் சாதாரண எண் இல்லை. ஸ்டேஷனுக்கு வடக்கே ஒன்றரை மைலில் சாலை குறுக்கே போகிற கேட். ரயில் வருமுன் இவர் அங்கே போன் செய்து கேட்டை அடைக்கச் சொல்வார். கேட்டில் இருக்கிறவர் அடைத்துப் பூட்டிவிட்டு, தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லி, அதைத் தன் தாளில் அடித்துவிட வேண்டும். பிரைவேட் நம்பர் என்று பெயர். எந்த எண் வரும் என்று இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. அதுதான் அதன் மகத்துவம். அந்த எண்ணை இவர் திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு எழுத வேண்டும். அந்த முனையில் ஒரு ஆள் விழித்துக்கொண்டிருக்கிறார், கேட் அடைத்தாயிற்று, இரண்டுக்கும் அதுதான் சாட்சி. எண் வராமல் சிக்னல் இறக்கினவன் இந்த உத்தியோகத்தில் மனுஷனே இல்லை. இதை நல்லசிவமே எத்தனை புதுப் பையன்களுக்குச் சொல்லியிருக்கிறார். மூன்று மணிக்குக் கேட்டிலிருந்து போன் வந்தது. கேட்டில் வேலை பார்ப்பது ஜெபராணி. புருஷன் இறந்து அந்த வேலைக்கு வந்தவள், நாலு வருஷமாக ஒரு குறை சொல்ல முடியாது. "சார், கூட்ஸ் போயிருக்கு." குரல் அவளுடையதாகவே இல்லை. "ஆமா, போயிருக்கு." "எனக்கு நீங்க போன் பண்ணலியே சார். ஹாரன் சத்தங்கேட்டு ஓடியாந்து கேட்ட இறக்குனேன். இறக்கதுக்கும் இஞ்சின் வளைவுல தெரியதுக்கும் சரியாருந்து. அதுக்கு முந்துன நிமிசம் ஒரு டி.வி.எஸ் தாண்டிப் போச்சு சார். புருசன் பொண்டாட்டி, நடுவுல ஒரு பச்சப்பிள்ள." நல்லசிவம் ரிசீவரைப் பிடித்தபடி ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்து நாலு அங்கேயே இருந்தது. கேட் அடைத்தது இரண்டு முப்பத்தேழு, எண் அறுபத்து நாலு என்று போனிலேயே வாய்விட்டுப் படித்தார்.

யார் கொடுத்தது? ஜெபராணி கொடுக்கவில்லை. அவள் தாளில் அந்த எண்ணே கிடையாது என்று அன்றைக்குச் சாயங்காலமே அவர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டார். பக்கத்து ஸ்டேஷன்காரர் கொடுத்த எண் வேறு, அது தனியாக எழுதியிருக்கிறது. பின் எங்கிருந்து வந்தது? பதினோரு நாளாக அதைத் தேடுகிறார். வீட்டுக் கதவு எண் பதினேழு. பள்ளிக்கூடத்து வரிசை எண் முப்பத்தொன்று. அப்பா இறந்தது அறுபத்தொன்பது வயதில். ஆய கலைகள் அறுபத்து நாலு, சொக்கநாதர் விளையாடியதும் அறுபத்து நாலுதான். அறுபத்து மூன்று நாயன்மார்களை எண்ணிவிட்டு மேலே ஒரு ஆள் வந்து நின்றால் எவ்வளவு என்று ஒரு நாள் யோசித்தார். அந்த மேலே வந்து நின்ற ஆளுக்கு முகம் வைத்துப் பார்க்க முடியவில்லை, உடனே விளக்கைப் போட்டார். அவன் போனை எடுத்து ஹலோ என்று சொல்லியிருந்து, எதிர்முனையில் யாரோ இருந்திருந்தால்? அடைத்தாச்சு சார், அறுபத்து நாலு, என்று ஒரு குரல் நிஜமாகவே சொல்லியிருந்தால்? அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தால் உடனே கேட்கவும் ஆரம்பித்துவிடுகிறது. செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டுப் பேசுகிற ஒரு குரல். அன்றிலிருந்து போனை எடுக்குமுன் மூன்று முறை மணி அடிக்க விடுகிறார். எதிர்முனையில் முதலில் மூச்சு கேட்கிறதா என்று கவனிக்கிறார். மூச்சு கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம்.

"உங்களுக்கு முன்னாடி இன்னும் நாலு பேரு இருக்காங்கய்யா" என்றாள் நர்ஸ், டோக்கன் சீட்டுக்களை அடுக்கியபடி. "எழுதிட்டீங்களா?" "எழுதிக்கிட்டிருக்கேன்மா." அவர் குனிந்து தாளைப் பார்த்தார். நாலு கேள்விக்கு டிக் விழுந்திருந்தது. கைமீறிப் போனதாக நினைத்ததுண்டா, இல்லவே இல்லை. ஒரு வேளை தவறிவிடும் என்றால் பதறுகிறதா, இல்லவே இல்லை. இதைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா, எப்போதாவது. நிறுத்திவிட ஆசைப்பட்டதுண்டா, எப்போதாவது. அழகான டிக், தாள் கிழியாமல், கட்டத்தை விட்டு வெளியே போகாமல். பேனா அவர் விரலில்தான் இருந்தது. எப்போது போட்டோம்? சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. கடைசியாகப் பார்த்தபோது பதினொன்று ஆகவில்லை. சட்டைப்பையைத் தடவினார். பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டிய மாத்திரையைக் காலண்டர்த் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். தாள் இருந்தது, மடிப்புக் கலையாமல். பிரித்தால் ஒன்றும் இல்லை. நாக்கை மேல் அண்ணத்தில் வைத்துப் பார்த்தார். கசப்பும், பின்னாலேயே கொஞ்சம் பெருங்காயமும். அப்படியானால் அவன் இங்கேயும் வந்துவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை பேர் நடுவில், பட்டப்பகலில், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து, அவசரமில்லாமல் மாத்திரையைத் தின்று, நாலு பொய்யை வரிசையாக எழுதிவிட்டு, ஐந்தாவதை இவருக்கு விட்டுவைத்துப் போயிருக்கிறான். எவ்வளவு பெருந்தன்மை. நல்லசிவத்துக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, அதே சமயத்தில் மாத்திரை உள்ளே இறங்கிவிட்டது என்ற நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிதான் அவருக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஐந்தாவது கேள்வி, நிறுத்துவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம். கஷ்டமே இல்லை என்பதில் ஆரம்பித்து முடியவே முடியாது என்பதில் முடிந்தது. கஷ்டமே இல்லை என்று போட்டால் சின்ன டாக்டர் சீட்டு எழுதிவிடுவார். நாளை ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணிக்கு டூட்டி. அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும். மத்தியானம் மறுபடி ஒரு கூட்ஸ் இருக்கிறது. உண்மையைப் போட்டால் இவர்கள் கடிதம் கொடுப்பார்கள், அது ரயில்வே டாக்டரிடம் போகும், அவர் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து நாலு கேள்வி கேட்பார், அப்புறம் சிக்னல் பக்கம் தலை வைத்துப் படுக்க விட மாட்டார்கள். தலை வைத்து என்பது வேண்டாம். பக்கத்தில் விட மாட்டார்கள். ஏதாவது ஆபீசில் பைல் தூக்கச் சொல்வார்கள். இருபத்தேழு வருஷம். போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெபராணி செய்த காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சைக்கிளில் போய் அவள் தாளைப் பார்த்த அன்றைக்கு, அவள் தன் ரெஜிஸ்டரையும் நீட்டினாள். அதில் அவள் கையால், குண்டு குண்டாக, கேட் அடைத்தது இரண்டு முப்பத்தேழு, எண் அறுபத்து நாலு என்று எழுதியிருந்தது. "நீங்க என்ன எழுதுனியளோ அதயே நானும் எழுதிட்டேன் சார். எனக்கு வேலை போட்டுக் குடுக்கதுக்கு நீங்க எத்தன தடவ ஆபீசுக்கு அலைஞ்சிய." "உன் தாள்ல அந்த நம்பரே இல்லியே, ஜெபராணி." "இல்லதான் சார்." "செக்கிங் வந்தா?" அவள் கேட் விளக்கின் கண்ணாடியைத் துடைத்தாள். திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். ரெஜிஸ்டரையும் எண் தாளையும் ஒத்துப் பார்ப்பார். இல்லாத எண் ஒன்று இரண்டு புத்தகத்திலும் இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் காதில் விழுந்ததை எழுதினேன் என்பார், கேட்காரி கொடுக்காததை எழுதியிருக்கிறாள். முதலில் யார் தலை உருளும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்தும் அவர் கை ஐந்தாவது கேள்விக்குக் கஷ்டமே இல்லை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் போய், கொஞ்சம் தயங்கி, அடுத்த கட்டத்தில் டிக் போட்டது: கொஞ்சம் கஷ்டம். இதை அவரே போட்டார். அவன் போடவில்லை, முழு நினைவோடு அவரே போட்டார். பேரம் படிந்த மாதிரி ஒரு சமாதானம் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. சீட்டை வாங்கிக்கொள்வோம், மருந்துக் கடைக்குப் போவோம், டப்பா நிறையட்டும், டப்பா நிறைந்தால் மனசு நிதானப்படும், நிதானமாக யோசித்தால் திங்கட்கிழமைக்கு ஒரு வழி தெரியும். ஆறு வருஷமாக இந்த வாக்கியம்தான் அவரை நடத்திக்கொண்டு வருகிறது. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தத்துக்குள் மணி இரண்டு முறை அடித்தது, ஸ்டேஷன் மணி, இரும்பில் இரும்பு படுகிற மணி. அவர் எழுந்து நின்றுவிட்டார். கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே ஒரு தாத்தா வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். "நல்லசிவம்" என்று நர்ஸ் கூப்பிட்டாள். அதுவும் நிஜமா என்று அவள் இரண்டாம் தடவை கூப்பிடும்வரை காத்திருந்தார்.

பர்வீனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆலோசகர் என்று மேஜையில் பலகை. கண்ணாடி போட்டிருந்தாள், பேசும்போது பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொள்கிற பழக்கம் இருந்தது. தாளை வாங்கி டிக்குகளை வரிசையாகக் கூட்டினாள். "ஒண்ணு, ஒண்ணு, இங்க ஒண்ணு. மூணு. ரொம்பக் கம்மியாத்தான் சார் வந்திருக்கு. இதுல பதினஞ்சு வரைக்கும் போகும்." நல்லசிவம் சிரிக்கக்கூடச் செய்தார். பரீட்சையில் பார்த்து எழுதித் தேறினவன் சிரிப்பு. "எத்தனை வருசமாப் போடுறீங்க?" "ஆறு." "ஒரு நாளைக்கு?" "நாலு." அவள் பேனா கன்னத்தில் நின்றது. பிறகு குறித்துக்கொண்டாள். "இப்ப வீட்டுல கையிருப்பு எத்தன இருக்கும் சார்? சும்மா ஒரு உத்தேசமா..." "இருபது." அவள் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. "எண்ணிட்டு வந்தீங்களா?" "தினமும் எண்ணுவேன்மா. காலம்பற மொத மாத்திரை போட்ட ஒடனே." "அப்ப எந்த நாள் எத்தன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குமா?" "இருக்கும்." அதில் ஒரு பெருமைகூடத் தொனித்தது அவர் குரலில், வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவரில்லையா. "போன சனிக்கிழமை?" "நாப்பத்தெட்டு." அவள் ஏதோ எழுத ஆரம்பித்தாள். கேள்வியை அவள் அதோடு நிறுத்திவிட்டாள். அவர் மனசு நிற்கவில்லை. ஓட ஆரம்பித்த வண்டி சரிவில் தானாகப் போகிற மாதிரி அது பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை ஐம்பத்திரண்டு. வியாழன் ஐம்பத்தாறு. புதன் அறுபது. செவ்வாய்.

அறையில் ஏ.சி. போட்டிருந்தது. அவருக்குக் காதுமடல் இரண்டும் எரிந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி, பிரமு குளிக்கப் போயிருந்தாள், அலமாரிக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு உள்ளங்கையில் கொட்டி எண்ணினார். எண்ணி முடித்து டப்பாவை மூடும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டார், தினமும் சொல்லிக்கொள்வதுதான். அப்படியானால் போனில் யாரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுகிற குரல் எதுவும் இல்லை, அறுபத்து நாலாவதாக முகமில்லாத நாயன்மார் யாரும் வந்து நிற்கவில்லை. போனே செய்யவில்லை. எண் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்திருக்கிறது. அந்த உடம்பில் அன்றைக்கு மிச்சமிருந்த ஒரே எண் அதுதான். வேறு எல்லாம் அழிந்துபோனாலும் அது மட்டும் அழியாது. அதை எடுத்துக் கேட் அடைத்ததற்குச் சாட்சியாக எழுதிவிட்டுச் சிக்னலை இறக்கியிருக்கிறார். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு பச்சைப்பிள்ளை, எதிரே கூட்ஸ், நடுவில் குறுக்கே நின்றது டப்பாவில் இருந்த அறுபத்து நாலு மாத்திரை. அவன் என்று ஒருத்தன் இருக்கிறான் என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தார். இல்லை. அவன் இல்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது. துரத்திவிடவும் ஆள் இல்லை, பழியைப் போடவும் ஆள் இல்லை.

"சார்? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் பர்வீன். நல்லசிவம் கையை நீட்டினார். தண்ணீருக்கு இல்லை, மேஜையில் இருந்த தாளுக்கு. "இந்தக் கூட்டல் தப்பும்மா." "இல்லியே சார், சரியாத்தான..." "மூணு இல்ல. அறுபத்து நாலுன்னு போடுங்க." அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். "இதுல அதிகபட்சமே பதினஞ்சுதான் சார்." "அப்படின்னா இந்தத் தாள்ல எனக்கு இடம் பத்தாது. வேற ஒரு வெள்ளத்தாள் குடுங்க." அவள் கொடுத்தாள். அவர் எழுத ஆரம்பித்தார். வரி கோணிக்கொண்டு போயிற்று, ஒரு வார்த்தையை இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது. பெயர், பதவி, ஸ்டேஷன், கேட், கிழமை, நேரம். கேட்டுக்குப் போன் செய்யாமல் சிக்னல் இறக்கியது நான். எண்ணை நானே எழுதினேன். கேட்டில் பணியில் இருந்த ஜெபராணி ஹாரன் கேட்டுத் தானாக ஓடி வந்து கேட்டை இறக்கினாள், இறக்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவள் புத்தகத்தில் உள்ள எண் என்னைக் காப்பாற்ற எழுதியது, அதற்கு அவள் பொறுப்பு இல்லை. நாளைக் காலை டூட்டிக்கு வேறு ஆளைப் போட வேண்டும். என்னை அந்த நாற்காலியில் உட்கார விடக் கூடாது. கையெழுத்துப் போட்டுத் தேதி வைத்தார். எழுதி முடித்ததும் அழுகை வந்தது, துடைக்கவில்லை.

பர்வீன் முழுதும் படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள். பிறகு போனைத் தன் பக்கம் இழுத்து, "இத யாருக்குச் சொல்லணும் சார்? நம்பர் சொல்லுங்க, நானே பேசுறேன். மாத்திரைய ஒரேயடியா நிறுத்தச் சொல்ல மாட்டாரு டாக்டர், அது ஆபத்து. மெதுவாத்தான் குறைப்பாரு, பயப்படாதீங்க" என்றாள். அவர் இன்ஸ்பெக்டரின் எண்ணைச் சொன்னார். அவள் சுழற்றத் தொடங்குமுன், "ஒரு நிமிசம்மா" என்றார். "எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பக்கம் ஒரு எண் சொன்னா, அந்தப் பக்கம் இருக்கவங்க அதத் திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் கணக்கு. அன்னைக்கு எனக்கு யாரும் திருப்பிச் சொல்லல." அவள் போனிலிருந்து கையை எடுத்தாள். "அறுபத்து நாலு" என்றார் நல்லசிவம். மேஜையின் எதிர்முனையில் மூச்சு கேட்டது. சிறு பெண்ணின் மூச்சு, கொஞ்சம் சளி பிடித்த மூச்சு.

"அறுபத்து நாலு, சார்" என்றாள் பர்வீன்.